சப்ஸ்ரேசன் காணிக்குள் எங்கள் கிணறு

எங்கள் ஒழுங்கைக்கு சப்ஸ்ரேசன் என்கிற உபமின் நிலையம் வந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அதன் சத்தம் மெல்லக் கேட்கும். யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டொன்றை முணுமுணுப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு நல்ல நித்திரை வருகிறது. அந்த நிலையத்தை வரவிடாமல் மூன்று மாதம் மறித்துக்கொண்டு நின்றவள் நான்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். ஒழுங்கைக்காரர் நம்புவார்கள். அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

என் வீட்டுக்குப் பின்னால் இருந்தது வெறுங்காணி. காணிக்காரர் குடும்பத்தோடு கனடாவில். நாயுருவி மண்டிக் கிடந்த அந்த இடத்தில் ஒருநாள் சிவப்பு மை பூசிய கட்டைகள் முளைத்தன. பிறகு கருங்கல் வந்தது, பிறகு தார்ப்பாயால் மூடிய ரான்ஸ்போமர் வந்தது. அதை ஏற்றிய நீள லொறி ஒழுங்கையில் திரும்புவதற்காக மூன்று வீட்டு வேலியில் நட்டிருந்த கதியால் தடிகளை வெட்டினார்கள். எங்கள் ஊரில் கதியாலில் கை வைத்தும் ஒருவரும் சண்டைக்குப் போகவில்லையென்றால், கரண்ட் எவ்வளவு தேவைப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னேரங்களில் தோட்டக்காரர் எல்லாரும் மோட்டரைப் போட, என் வீட்டு ரியூப் லைற் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும், எரியாது.

அந்தக் காணியின் மூலையில்தான் கிணறு. காணி அவர்களுடையது, கிணறு பங்குக் கிணறு. எனக்கும் என் தங்கைக்கும் சீதன உறுதியில் அதில் பங்கு எழுதியிருக்கிறது. சுற்றுமதில் கட்டினால் கிணறு உள்ளே போய்விடும். அப்படியென்றால் மூடத்தான் வேண்டும். காணிக்காரர் கனடாவிலிருந்தே அற்றோணி எழுதி, தங்கள் சார்பில் இங்கே ஒருவரைக் கொண்டு கையெழுத்து வைப்பித்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

நானும் தங்கையும் கோபம். அம்மா விட்டுப்போன தோட்டத்தைப் பிரித்து வேலி அடைத்தபோது, ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தொடங்கியது. அந்த ஒரு முழத்துக்குப் பதினொரு வருடம் கதை பேச்சில்லை. அவளுடைய மகளின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. என் மனிசன் கண்ணை மூடியபோது நானும் அவளுக்கு ஆள் அனுப்பவில்லை. அவளுடைய வீடு வெறுங்காணிக்கு அந்தப் பக்கத்து ஒழுங்கையில்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பங்குக் கிணறு என்றால் முறை இருக்கும். தோட்டம் இறைத்த காலத்து வழக்கம் அது. திங்கள், புதன், வெள்ளி என் நாள். செவ்வாய், வியாழன், சனி அவளுடைய நாள். ஞாயிறு ஒருவருக்கும் இல்லை, கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவோம். மற்றவளின் நாளில் தண்ணீர் வேண்டுமென்றால் அவளுடைய படலையில் போய்க் கேட்டுவிட்டுத்தான் கிணற்றடியில் கால் வைக்கலாம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு எவ்வளவோ காலமாகியும் முறையை நாங்கள் விடவில்லை. கோபக்காரருக்கு அதைப்போல வசதி வேறில்லை. பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நாங்கள் அங்கே முகத்துக்கு முகம் முழிக்கவில்லை.

என் நாட்களில் பத்து மணி வெயிலில் குளிக்கப் போவேன். குளிக்கிறது என்பது பேருக்குத்தான். பாதி நேரம் கிணற்றுக் கட்டில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே வானம் ஒரு தட்டளவுக்குக் கிடக்கும். ஒரு கொக்கு அதைக் கடந்து போகும், பிறகு ஒன்றுமில்லை. துவைக்கிற கல்லில் முதல்நாள் தங்கை துவைத்த சவர்க்காரம் வெள்ளையாய்க் காய்ந்திருக்கும். கயிற்றை அவள் இடப்பக்கமாகச் சுற்றி வைத்திருப்பாள். சரி, சுகமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வாளியை இறக்குவேன்.

ஒரு பங்குனியில் ஒரு கிழமை முழுக்கக் கல் சும்மா கிடந்தது. கயிறும் நான் விட்ட மாதிரியே இருந்தது. யாரிடம் கேட்பது? குடையைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ போகிறவள் போல அவளுடைய ஒழுங்கையால் இரண்டு தரம் நடந்தேன். இரண்டாவது தரம் வேலிக்கு மேலால் கொடியில் அவளுடைய சேலை தெரிந்தது, ஈரம் சொட்டிக்கொண்டு. அதைக் கண்டபிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

கிணற்றை மூடிவிட்டால் அவள் இருக்கிறாளா இல்லையா என்று நான் எப்படி அறிவது? என்னுடைய வழக்கு இவ்வளவுதான். இதை ஒரு உத்தியோகத்தரிடம் சொல்ல வாய் வருமா? அதனால் எங்கள் கிராம உத்தியோகத்தரான விதானையார் சம்மதக் கடுதாசியோடு வந்தபோது, "நல்ல தண்ணிக் கிணறு, மூட விடமாட்டன்" என்றேன். வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்து அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மின்கம்பிகள் கயிறு கயிறாக மேலே வரும். நான் இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருக்கும். மறுமுனையில் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று கைக்குத் தெரியும். முகம் தெரியாது. முழித்தால் நல்ல வெயில், ரான்ஸ்போமரின் தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும்.

விதானையார் விடவில்லை. "தங்கச்சியிட்டையும் கேட்டனான் அக்கா. நீங்கள் ஓமெண்டா தானும் ஓமாம்."

"அவ முதல் கையெழுத்து வைக்கட்டும்."

"சரி, ரெண்டு பேரும் கிணத்தடிக்கு வாங்கோ. ஒரே நேரத்திலை வைப்பம். புதன்கிழமை பத்து மணி."

புதன்கிழமை நான் போனேன். அவள் வரவில்லை. அடுத்த கிழமை வியாழன் என்றார். அன்றைக்கு அவள் வந்து நின்றாளாம், நான் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளி, அதற்குப் பிறகு ஒரு செவ்வாய். ஒழுங்கையில் என்னைக் கண்டால் சனம் முகத்தைத் திருப்பியது. பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளை சோதனைக்கு மெழுகுதிரியில் படிக்கிறாள் என்று என் காதில் விழும்படி வேலிக்குச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

கடைசியில் விதானையார் என் படலையில் நின்று சத்தம் போட்டார். "உங்களுக்கு என்னதான் வேணும்? செவ்வாய்க்கிழமை வாறதுக்கு என்ன?"

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "செவ்வாய் அவளின்ரை நாள்! அவளின்ரை நாளிலை நான் எப்பிடிக் கேக்காமல் கிணத்தடிக்கு வாறது?"

அவர் கொழும்புத்துறைக்காரர், கடற்கரையில் வளர்ந்தவர். கிணற்று முறை அவருக்கு எங்கே தெரியும்?

"உதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா," என்று தலையைச் சொறிந்தார். "ஞாயிறு ஆரின்ரை நாள்?"

"ஒருதருக்கும் இல்லை."

லீவு நாளென்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மண் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்றும் வந்து நின்றது. வெயில் பனிமூட்டம் போல வெளுத்திருந்தது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து தங்கை நடந்து வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரை. எனக்குத் தெரியாமல் எப்போது இவள் கிழவியானாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கத்தில் போய் நின்றாள். என் கையில் கற்பூரப் பெட்டி. அவளுடைய கையிலும் ஒன்று.

விதானையார் கடுதாசியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். நான் ஒப்பமிட்டேன். அவர் பேனையை எடுத்துச் சுற்றிப்போய் அவளிடம் கொடுத்தார், அவளும் இட்டாள். அவளுடைய கற்பூரத்தையும் என்னுடையதையும் கொளுத்தினோம். பிறகு ரிப்பர் பின்னால் வந்து முதல் பாரத்தைக் கொட்டியது. தண்ணீர் பெருமூச்சு விட்டது.

"நல்லா மெலிஞ்சு போனியள்," என்றாள் தங்கை. கிணற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நீயுந்தான்," என்றேன். ரிப்பர் மிச்ச மண்ணை உதறிக்கொண்டிருந்த இரைச்சலில் அவளுக்கு அது கேட்கவில்லை.

"என்ன?" என்று கேட்டபடி கட்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தாள்.