பிள்ளைக்கு முன் வந்த பேணி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்குத் திருகோணமலைக் கடைத்தெருவில் எனக்கு மாடி வைத்த சாப்பாட்டுக் கடை இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை. ஒரு இடியப்ப உரலோடு தொடங்கி நானே ஏறி வந்தேன். சந்தேகப்படத் தெரியாதவர்கள் கடை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். வீட்டுக்கும் அதைத்தான் சொல்வேன்.

மூத்தவன் பிறந்தபோது எனக்கு அந்தப் புத்தி வந்திருக்கவில்லை. மஞ்சளாக வந்த முதற்பாலைக் கெட்ட பால் என்று, புருஷனைப் பெற்ற மாமி பீய்ச்சி ஊற்றுவித்தார். பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் பருக்கினார். எனக்கு முலைக்காம்பு உள்ளே அமுங்கியிருந்தது. சீனித்தண்ணீரில் ருசி கண்டவன் பிறகு மார்பைப் பிடிக்கவே இல்லை. கடைசியில் தகரப் பேணியில் விற்கிற பால்மாதான். மாறி மாறி வயிற்றோட்டம் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்து, ஒருவாறு பிழைத்தான்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளினிக்குக்குத் தனியே போனேன். மருத்துவிச்சி அம்மாவிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குளிக்கேக்க எண்ணெய் தொட்டு மெல்ல மெல்ல இழுத்து விடுங்கோ. பிள்ளை பிறந்த கையோட மார்பில போடுங்கோ. அந்த மஞ்சள் பாலை ஒருத்தரும் ஊத்த விடாதைங்கோ.”

“ஒருத்தர் எண்டால் என்ர மாமிதான், அம்மா.”

“அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கதைக்கிறன்.”

“உங்களுக்கு முன்னால தலையாட்டிப்போட்டு வீட்டில தன்ர பாட்டைத்தான் பார்ப்பா.”

அன்றிலிருந்து என் ஆயத்தம் தொடங்கியது. எண்ணெய் தேய்ப்பது நாள் தவறாமல் நடந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வறை வறுத்துக் கொடுக்கிற பால்சுறாவுக்கு மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வேறு சுறாவை அந்தப் பெயரில் விற்றுவிடுவார் என்று, வெட்டாமல் முழு மீனாகவே கொண்டுவரச் சொன்னேன். இத்தனையையும் பார்த்துக்கொண்டு மாமி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் துணி அடுக்கும்போது அலுமாரியில் என் புருஷனுடைய சாரங்களுக்குப் பின்னால் கையில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், உடைக்காத பால்மாப் பேணி.

கடைகளில் பால்மா காணக் கிடைக்காத காலம் அது. அதோடு, பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. முந்தி வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமி அவ்வளவு கண்டிப்பு. அப்படியிருக்க இதை ஒளித்து வைத்தது யார்? சட்டம் மற்றவர்களுக்குத்தானே, மாமியேதான் என்று நினைத்தேன். எனக்குப் பால் வராது என்று இப்போதே தீர்ப்பு எழுதியாயிற்று. கேட்டால் மழுப்புவார். ஆகவே கேட்கவில்லை. இடியப்பத்துக்கு வறுத்த அரிசிமாவில் ஒரு சிட்டிகை எடுத்து மூடியில் மெல்லத் தூவி, பேணியை இருந்த இடத்திலேயே வைத்தேன். எனக்கு யாரும் சொல்லித் தந்த வேலையில்லை இது.

அடுத்த நாள் மூடியில் விரல் பதிந்திருந்தது. மாமியுடையது குச்சி விரல். இது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்து தடித்த பெருவிரல். என் புருஷனுடையது.

சோறு போட்டபடியே கேட்டேன். “அலுமாரிக்குள்ள இருக்கிற பேணி ஆருக்கு?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “சும்மா கிடக்கட்டும் எண்டு வைச்சனான். நேற்றும் இருக்கோ எண்டு பார்த்தனான். போன முறை அவன் அழேக்க டவுன் முழுக்க அலைஞ்சனான். திரும்ப அப்பிடி அலைய ஏலாது.”

“அப்ப எனக்குப் பால் வராதெண்டு நீங்களும் முடிவு கட்டிட்டியள்.”

“நான் அப்பிடிச் சொன்னனானே?”

“சொல்லுறதென்ன, அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறியளே.”

குசினிக்குள் இருந்து மாமி வந்தார். நான் எதிர்பார்த்தது மகனுக்குப் பரிந்து பேசுவார் என்று. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“பிறக்க முதல் வாங்கினதோ? பிள்ளைக்கெண்டோ?” மகனைப் பார்த்தே கேட்டார். “உனக்கென்ன விசரோடா? முதல்ல அதை இந்த வீட்டை விட்டு வெளியில எடு.”

“காசு குடுத்து வாங்கினது, அம்மா.”

“கடைக்குக் கொண்டுபோகச் சொல்லு. தேத்தண்ணி ஊத்தி முடிக்கட்டும்.”

அன்றே, அப்போது நான் வைத்திருந்த சின்ன இடியப்பக் கடைக்குக் கொண்டுபோய் உடைத்தேன். துறைமுகத்து வேலையாட்கள் பால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, “அக்கா, இண்டைக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டார்கள். அடுத்த தேத்தண்ணீரை ஆற்றினேன். இனி வீட்டில் பேணி இல்லை. ஆனால் மாமி இருக்கிறார்.

வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் பிள்ளை. கேட்ட உடனே மார்பில் போட்டார்கள். சரியாகப் பிடிக்கவில்லை, வாய் வழுக்கி வழுக்கி அழுதாள். அந்த நேரம் பார்த்து மாமி உள்ளே வந்தார். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் புடைத்திருந்தது. என் கண் அங்கேதான் போனது. எடுத்தார்: சின்னப் போத்தலில் சீனித்தண்ணீர்.

“பசியில கத்துது, பிள்ளை. ரெண்டு சொட்டு.”

“எப்ப கரைச்சனீங்கள், மாமி?”

“உன்னை இஞ்ச கொண்டுவந்த உடன.”

“அப்ப பிறக்க முதல் கரைச்சது.”

மாமி போத்தலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, நின்ற நிலையிலேயே தானே குடித்தார்.

“இனிப்புக் காணாது,” என்றார்.

நான் பிள்ளையைத் திரும்பச் சேர்த்து அணைத்தேன். அந்த மஞ்சள் பால் ஒரு சொட்டு அவள் உதட்டில் பட்டது. நக்கிப் பார்த்தாள். பிறகு வாயை நன்றாகத் திறந்து பிடித்தாள். பிடித்த பிடியில் எனக்குக் கால்விரல் வரை இழுத்தது.

மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை குடித்து முடியும்வரை அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தபடியே இருந்தேன்.