மனுவை மறுக்கத் தெரியாத அரசர்

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசியில், கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டில் இங்கிலாந்து அரசராக இருந்தவர் என் கணவர். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த கதையை மகளின் வகுப்பில் நாடகமாகப் போட்டார்கள். அதில் அவள், இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றத் தலைவர்களில் ஒருவர். வீட்டில் ஒத்திகை பார்க்க ஓர் அரசர் வேண்டுமென்று, சோபாவை விட்டு லேசில் எழும்பாத இந்த மனிதரைத் தெரிந்தெடுத்தாள். தெரிவில் பிழை சொல்ல முடியாது.

கதையை எங்களுக்கு அவள்தான் சொன்னாள். சண்டை தொடங்கிய பிறகும் அந்தத் தலைவர்களில் பலர் பிரிந்துபோக விரும்பவில்லையாம். 'நாங்கள் உங்கள் விசுவாசமான குடிகள், சமாதானமாகத் தீர்த்து வையுங்கள்' என்று அரசருக்குக் கடைசியாக ஒரு மனு எழுதினார்கள். அரசர் அதை வாங்கவே மறுத்து, அவர்களைக் கலகக்காரர் என்று அறிவித்துவிட்டார். இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தங்களுக்குள்ளேயே இழுபறிப்பட்டு, அடுத்த வருடம்தான் சுதந்திரம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

நாடகத்தில் அரசருக்கு வசனமே இல்லை. மனுவை நீட்டும்போது முகத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இவரால் அது முடியவில்லை. மகள் குனிந்து நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கிவிடுவார்.

"அப்பா, நீங்கள் அதை வாங்கக்கூடாது. கிங் ரிஃபியூஸ் பண்ணவேணும்."

"பிள்ளை இவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு. வாசிச்சாவது பாப்பம்."

"வாசிச்சா பிறகு இன்டிபென்டன்ஸே வராது அப்பா."

குசினிக்குள் சமைத்தபடி நின்று சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த மாதங்களில் இவர் வேலை முடிந்ததும் நேரே ரொறன்ரோ நகரத் தெருவுக்குப் பதாகை பிடிக்கப் போய்விடுவார். சண்டையை நிறுத்தச் சொல்லி எத்தனையோ பெரியவர்களுக்கு மனு எழுதினார். இவருடைய தங்கை வன்னியில், குண்டுகளுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் இருந்தாள். ஒரு மனுவுக்கும் பதில் வரவில்லை. அப்படிப்பட்டவரிடம் மனுவை மறுக்கச் சொன்னால் எப்படி மறுப்பார்? அந்த நாட்களில் இவர்மேல் எனக்கு இருந்த அன்பு கல்யாணம் கட்டிய புதிதில்கூட இருந்ததில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று, தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இவர் சாப்பிடவில்லை. ஒத்திகை வேண்டாமென்று மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். இவர்தான் கூப்பிட்டார்.

"வா பிள்ளை. நாளைக்கெல்லோ நாடகம்."

அவள் குனிந்து மனுவை நீட்டினாள். இவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை எடுக்கவுமில்லை. முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவள் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழையும் இல்லாமல் செய்தார்.

இனி அவள் நிமிர்ந்து நின்று சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லை. நீட்டிய கையோடு இன்னும் கிட்டப் போனாள்.

"வாங்குங்கோ அப்பா" என்றாள். "பிளீஸ், வாங்குங்கோ."