இடது காதில் மாமா சொன்னது

எனக்குக் காது குத்தியபோது வயது ஒன்பது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளுக்கே குத்திவிடுவார்கள். என் இடது காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்ததால், ஆறட்டும், ஆறட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டாள். டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்தும் விட்டாயிற்று, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் விட்டாயிற்று. ஒன்றுக்கும் மசியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையின் மறுமுனைக்கு நகர்ந்துவிடுவாள். நாற்றம் ஊருக்கே தெரியும். அந்தக் காது கேட்காது என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. செவிடு என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் அப்புறம் எங்கே தலைகாட்டுவது? யார் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பியே சமாளித்தேன்.

அந்த வருடம் மாமாவுக்கு இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவதா? அவர் கப்பல் ஏறுமுன் குத்தியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

"வேணாம்மா, மாமாவுக்கு நாறும்" என்று அழுதேன்.

"வாய மூடு. இன்னொரு மாமனுக்கு நான் எங்கடி போவேன்?"

அம்மா காதைத் துடைத்து, பஞ்சு வைத்து, கழுத்தெல்லாம் பவுடரைக் கொட்டினாள்.

மாரியம்மன் கோயில் வாசலில் மாமாவின் மடியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டேன், நான் அடக்கினால் அவருக்கு நாறாது என்பதுபோல. மாத்தளையிலிருந்து வந்த பத்தர் வலது காதைக் குத்தி முடித்து, என் தலையைத் திருப்பினார். பஞ்சு நழுவி மாமாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

மாமா முகத்தைத் திருப்பவில்லை. பஞ்சை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். ஊசி இறங்கும்போது குனிந்து, சீழ் வடிந்த அந்தக் காதிலேயே வாயை வைத்து என்னவோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார். எனக்கு அவர் மூச்சின் சூடு மட்டும்தான் தெரிந்தது. கேட்டவள்போலத் தலையாட்டினேன்.

மறுவாரம் மாமாவையும் அத்தையையும் கோச்சியில் ஏற்றிவிட மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனோம். இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று ஜன்னலுக்குக் கீழே வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கேக்கல மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்கம் வாயைத் திறக்கவிடவில்லை.

கோச்சி நகர்ந்தது. மாமா தலையை வெளியே நீட்டி, "அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

மறுபடியும் தலையாட்டினேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.