முழங்காலுக்கு ஒரு குளம்

லாரியில் கவிழ்த்துப் போட்டபடி அந்த நீல ஃபைபர் தொட்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது, பார்த்தவர்களெல்லாம் அதைப் படகு என்றுதான் நினைத்தார்கள்.

"மணிமுத்தாத்துல கால் நனையத் தண்ணி இல்ல. பாய் எங்கக்கா போறதுக்குப் படகு வாங்கியிருக்காரு?" என்று பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து கேட்டாள். பீங்கான் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவளுக்கு. வாய் சும்மா இருக்காது.

"எங்கயும் போறதுக்கு இல்ல. நான் நடக்கறதுக்கு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. முடியாதவர்கள் அப்படித் தொழலாம் என்று மார்க்கமே தாராளமாகச் சொல்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சஜ்தாவில் நெற்றி தரையில் படும்போதுதான் மனசில் உள்ளதை இறக்கி வைத்த மாதிரி எனக்கு இருக்கும். நாற்காலியில் இருந்தபடி தலையை மட்டும் குனிந்தால், தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வந்தவள் போல இருந்தது. மறுபடியும் ஒருமுறையாவது நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைப் புண்ணாக்கியிருந்தேன்.

டாக்டர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். சொல்வதற்கு என்ன, சுலபம். இந்த ஊரில் ஒரு பொம்பளை எந்தத் தண்ணீருக்குள் இறங்கி நடப்பாள்? என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு குடும்பத்துக்கு டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பெரியம்மா தினமும் வீட்டு நீச்சல் குளத்தில் நடந்தே தேறியதைக் கண்ணால் பார்த்தவர். ஒரேயடியாக ஊர் திரும்பியவருக்கு அந்த ஞாபகம் வந்ததும், அதன்பிறகு வேறு பேச்சே இல்லை. எங்கள் களிமண்ணில் பள்ளம் தோண்டிக் கட்டினால் மழைக்கு ஊறி, வெயிலுக்கு வெடித்து, சுவரைப் பிளந்துவிடும் என்றார்கள். அதனால் தரைமேல் வைக்கிற தொட்டி.

"ஊரெல்லாம் பீங்கான். நீங்க மட்டும் பிளாஸ்டிக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி அதற்கும் ஒரு குத்து குத்தினாள்.

கிரேன் அதைத் தூக்கி எங்கள் மொட்டை மாடிக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்கட்டில் இறக்கியது. அதற்காக முருங்கை மரம் போனது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. கான்கிரீட் தளம், மோட்டார், ஃபில்டர் எல்லாம் வந்தன. போர் தண்ணீரை நிரப்பிக் குளோரின் போட்டதும், பளிங்காக இருந்த தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியது. தண்ணீரில் இரும்புச்சத்து அதிகமாம். அவர் போன் மேல் போன் போட்டு, ஃபில்டரைக் கழுவிக் கழுவி ஓடவிட்டு, ஒருவழியாகத் தெளிய வைத்தார்.

தண்ணீர் தெளிந்த அன்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, கூடவே வந்திருந்த ஏணியைத் தொட்டியில் மாட்டினார்.

ஏணி. தொட்டியோ என் நெஞ்சு உயரம். டவுன் பஸ்ஸில் முதல் படி ஏறவே கண்டக்டர் கை கொடுக்க வேண்டிய எனக்கு, விரல் தடிமனில் கம்பி கம்பியாய்ப் படிகள். இருவரும் அந்த ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கிரேன் திரும்ப இடம் இருக்கிறதா என்று யோசித்த மனுஷன் இதை யோசிக்கவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்த நானும்தான் யோசிக்கவில்லை. ஆனால் கோபம் வரும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

"இந்த ஏணியில ஏற முடிஞ்சா நான் எதுக்குங்க கொளத்துல எறங்கணும்? மீன் வாங்கி வுடுங்க, வளரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் ஏணியைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவரைத் திட்டியதற்காக அழுதேனா, கால் போனதற்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கொஞ்ச நாள் காக்கைகள்தான் அதில் தண்ணீர் குடித்தன. பிறகு ஒருநாள் அவர் கொத்தனாரைக் கூட்டி வந்தார். குழந்தை தவழ்ந்து ஏறுகிற உயரத்தில், அகல அகலமாகப் படிகள் எழும்பின. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய். பக்கத்து வீட்டுக்காரி தன் கம்பெனியில் கேட்டு, கோணலாகிப் போனதென்று ஒதுக்கிய ஓடுகளை ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தாள். கால் வழுக்காமல் இருக்க, சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே தெரியும்படி அவற்றைப் பதித்தார்கள். உள்ளே இறங்கத் தொட்டியிலேயே வார்த்த படி இருந்தது.

சுற்றிலும் பச்சை வலை கட்டியாயிற்று. மறைக்க முடியாதது பக்கத்து மொட்டை மாடி ஒன்றுதான். நான் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருக்க, அவளே சொன்னாள்: "நீங்க எறங்கற நேரத்தைச் சொல்லுங்கக்கா. நான் பொடவையைக் காயப் போட்டுடறேன்." அப்படியே செய்தாள். மாடிக் கொடியில் வரிசையாகப் புடவைகள் தொங்கும். வேலைக்குப் போகிற அவசரத்திலும், துவைக்காத புடவைகளைக்கூட எனக்காகப் போட்டு வைத்தாள். இவள் வாயை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

முதல் நாள் சுடிதாரோடு இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றேன். என் பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். காலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. இன்னொரு முறை மடக்கினேன். சின்னப்பிள்ளை மாதிரி எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தினமும் நடை. மழைக்காலம் போய், வெயில் வந்து, தண்ணீர் வெதுவெதுப்பானது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் நாற்காலியில் உட்காருமுன் கைப்பிடியைத் தேடுகிற பழக்கம் போய்விட்டது. அதைக் கவனித்த அன்றுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, விரிப்பைத் தரையில் விரித்தேன். நின்றேன், குனிந்தேன், பயந்து பயந்து முழங்காலை ஊன்றினேன். நெற்றி தரையில் பட்டது. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டாவது சஜ்தாவும் ஆயிற்று.

எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன். முழங்கால் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. தண்ணீருக்குள் என்னைத் தூக்கிவிட்டது எதுவோ, அது இங்கே இல்லை. மறுபடியும் நாற்காலிதானா?

வாசல் பக்கம் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவர் வந்து நிலைப்படியில் நின்றார். தொழுகிறவளிடம் பேசக்கூடாது. சுவரோரம் இருந்த நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கிவந்து, என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, முதுகுப்பக்கம் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் அதைப் பற்றி மெல்ல எழுந்து நின்றேன்.

நின்று, குனிந்து, சஜ்தா செய்து எழுகிற சுற்று ஒரு ரக்அத்; நான்கு ரக்அத்தில் ஒன்றுதான் முடிந்திருந்தது. நான் மறுபடி குனிந்தேன். அவர் நாற்காலியை விடவில்லை.