கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாகத் திரையரங்கில் கதவுக்காரர். படம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே போய், வெளிவாசல் தாழ்ப்பாளை விலக்கிவிட்டு, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் எல்லாப் படத்துக்கும் முடிவு தெரியும். ஒன்றுக்கும் ஆரம்பம் தெரியாது. இந்த லட்சணத்தில் விண்வெளிப் படங்களுக்கு விளக்கம் வேறு. வெளியே வருகிறவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "அது மனுஷனா, மெஷினா?" என்று கேட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவருக்குச் சந்தேகம் எங்கே வரும்? அதைக் கேட்கவும் தினமும் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு படம். பன்னிரண்டு வருடம் விண்கலத்தில் தனியாக இருந்தவன் வீடு திரும்புகிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். மேஜைமேல் கடிகாரம் ஓடவில்லை. அதோடு திரை இருண்டுவிடுகிறது. உண்மையிலேயே வந்தானா, கலத்தில் சாகும்போது கண்ட கனவா?

"வந்துட்டான். கடிகாரத்துல பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டுல ஆம்பள இல்ல, யாரு மாத்துவா?" என்றார் இவர்.

"ஏன், பொம்பளைக்குக் கை இல்லையா?" என்றேன். நான் தையல்காரி. எங்கள் வீட்டில் பேட்டரி, பல்பு எல்லாம் என் பொறுப்புதான்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் ஒரு நர்ஸ் பெண் அந்தப் படத்துக்கு நான்கு முறை வந்தாள். போன வருடம் கப்பல் வேலைக்குப் போன கணவனிடமிருந்து நாற்பது நாளாக ஒரு தகவலும் இல்லையாம். ஒவ்வொரு முறையும் கதவருகே நின்று, "வந்துட்டான்தானேண்ணே?" என்பாள். இவரும் வந்துட்டான் என்பார். அவள் முகம் தெளிந்து போவாள். ஆரம்பமே பார்க்காதவர் சொல்லை நம்பிப் போகிறாளே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. "முதல்லேர்ந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்று இவருடைய விடுமுறை நாளில் மதியக் காட்சிக்கு இழுத்துப்போனேன்.

பத்தாவது நிமிடத்திலேயே குட்டு உடைந்தது. "நான் வர்ற வரைக்கும் நேரம் ஓடக்கூடாது," என்று சொல்லி, கிளம்புகிறவனே பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறான். இவர் முகம் வாடிவிட்டது. "அப்ப அது அவன் மனசுல நின்ன கடிகாரமாக்கூட இருக்கலாமே," என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

வெளியே வந்தால், கதவருகே அவள். ஐந்தாவது முறை. "வந்துட்டான்தானேண்ணே?"

இவருக்குப் பொய் வராது. "தெரியலம்மா," என்றார். அவள் முகம் சுருங்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றேன். "கிளம்பற அன்னிக்கு அவ போட்டிருந்த அதே நீலக் கவுன்தான் கடைசியிலயும். ஆனா ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு, அகலமாக்கித் தெச்சிருக்கு. பன்னெண்டு வருஷத்துல உடம்பு போட்டிருக்கா. கனவுன்னா போறப்ப பாத்த மாதிரிதானே வரும்? தையலப் பிரிச்சது அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். குனிந்து தன் சீருடையின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது. "நானும் பிரிச்சிருக்கேன்க்கா. அவரு கண்டுபிடிப்பாரா?"

நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாட்டாரும்மா. வந்ததும் நீயே சொல்லிடு."