வயலில் தொங்கிய டிரைவர் சீடி

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் திருத்துகிறவனுக்கு, போகப்போகிற வீட்டைவிட வேலை முடித்துவிட்டு வந்த வீடுதான் பயம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஆனால் அங்கே நான் நிம்மதியாக இருந்தது குறைவு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்

கட்டைபறிச்சான் ஊர்ப் பரமேஸ்வரி அக்காவின் கணவர் ஸ்டூடியோ நடத்தியவர். அவர் காலமாகி முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். ஊரையெல்லாம் படமெடுத்த மனிதருக்குத் தன் படம் என்று மிஞ்சியது ஒரேயொரு நெகட்டிவ். அதை ஸ்கேன் பண்ண அவருடைய பழைய ஸ்கேனர் வீட்டிலேயே இருந்தது. கம்ப்யூட்டர்தான் மெதுவாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை போய் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஸ்கேனர் போன்றவற்றைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள்களைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லவும் செய்தேன். ஸ்கேனரைச் செருகினால், அது என்ன பொருள் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதைச் செய்த கம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது, இணையத்தில் டிரைவர் இல்லை. நெகட்டிவைக் கைபேசியால் எடுத்துப் பார்த்தேன், முகம் கலங்கலாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் படம் போயாக வேண்டும். அக்கா கோபிக்கவில்லை. அதுதான் என்னை வதைத்தது.

"நேற்று வரைக்கும் இது வேலை செய்தது தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் வராத வீடு

புதன்கிழமை குறிஞ்சாக்கேணியில் நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மஜீத்தின் வீட்டில் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். சவுண்ட் டிரைவரை மூன்று தரம் அழித்துப் போட்டேன். இடையிடையே கைபேசியில் அக்காவின் ஸ்கேனருக்கு டிரைவர் தேடினேன். ஒரு தளம் டிரைவர் என்று சொல்லிச் சீட்டு விளையாட்டு ஒன்றை இறக்கியது. காக்கா வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. கடைசியில் அவரே குனிந்து, கழன்று கிடந்த ஸ்பீக்கர் வயரைச் சொருகினார். சத்தம் வந்தது.

"தம்பி, உங்கட கை இஞ்ச இரிக்கு, மனசு வேற எங்கயோ இரிக்கு."

குருவி விரட்டும் கலியாணங்கள்

காக்கா சொன்னது சரி. வண்டியை நேரே கட்டைபறிச்சானுக்கு விட்டேன். ஸ்கேனரோடு வந்த சீடி எங்கே என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அக்கா அலுமாரியைத் திறந்தார், தட்டு வெறுமையாக இருந்தது. அவருடைய தம்பி யோகன் அறையைத் துப்புரவாக்கும்போது எல்லா சீடிகளையும் வெயிலில் மினுங்கவிட்டுக் குருவி விரட்ட வயலுக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

சேற்றில் இறங்கினேன். கதிர் பால் பிடிக்கிற காலம். பயிரை மிதிக்காதே என்று யோகன் பின்னாலேயே வந்தார். நைலோன் நூலில் ஆடிய ஒவ்வொன்றையும் பிடித்துத் திருப்பி, மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். ஊரின் அரைவாசிக் கலியாணங்கள் அங்கே குருவி விரட்டிக்கொண்டிருந்தன. கடைசி வரம்பு மூலையில் ஸ்கேனரின் பெயர் போட்ட சீடி. ஓரமெல்லாம் கீறல், பதிவு இருக்கும் உள்வட்டம் மட்டும் தப்பியிருந்தது. நான் முடிச்சை அவிழ்க்க யோகனின் முகம் சுருங்கியது.

"அதக் கழட்டினா, அந்த மூலைக்கு வேற ஒண்டு கட்டிப்போட்டுப் போங்கோ."

நெகட்டிவில் இருந்தவர்

என் பையிலிருந்த பழைய விண்டோஸ் சீடியை அங்கே கட்டிவிட்டு வந்தேன். கொண்டுபோயிருந்த சீடி டிரைவ் நாலு தரம் முக்கி, ஐந்தாம் தரம் வாசித்தது. ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மேசைக்கு அடியில் இல்லாத வயரைத் தேடினேன்.

திரையில் மேலிருந்து கீழாக முகம் வந்தது. கமராவை டைமரில் விட்டு ஓடிவந்து நின்றிருக்கிறார், கொலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அக்கா கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஊரையெல்லாம் சிரிக்கச் சொன்ன மனுசன், தன்னைச் சிரிக்கச் சொல்ல ஆளில்லாம நிண்டிருக்கிறார்."

இப்போதெல்லாம் விண்டோஸை அழிக்குமுன் முதலில் அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன், அடுத்து அந்த வீட்டுக்காரருக்கு வயல் இருக்கிறதா என்று கேட்கிறேன்.