தலைவர் தெரிவும் தேத்தண்ணியும்

போன வருடம் மாரி தொடங்கும் முன், தம்பலகாமத்தில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. நான் தையல் வேலை செய்துகொண்டு வீட்டோடு இருப்பவள். கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வந்துவிடுவேன்.

அந்த முறை பேசுவதற்குக் காரணம் இருந்தது. சில கிழமைகளுக்கு முன் என் மகள் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது, குளத்து வீதி இருட்டில் யானை நின்றது தெரியாமல் கிட்டவே போய்விட்டாள். சைக்கிளைப் போட்டுவிட்டு வயலுக்குள் ஓடித் தப்பினாள். அந்த வீதியில் ஒரு விளக்கும் எரிவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதற்காகப் பிரதேச சபைக்கு நடையாய் நடந்தவர். சங்கத் தலைவரின் கையெழுத்தோடு வரச் சொன்னார்களாம். தலைவரோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதனால்தான் தானே தலைவர் பதவிக்கு நிற்பதென்று அக்கா முடிவெடுத்தார். முன்மொழிவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய நிர்வாகத் தெரிவு தொடங்கும் நேரம் பார்த்துப் பெண்களைத் தேத்தண்ணி போட அனுப்பிவிடுவார்கள். நாங்கள் தட்டத்தோடு திரும்பும்போது கைதட்டல் முடிந்திருக்கும். இத்தனைக்கும் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான்.

அன்றும் தலைவர் அப்படியே சொன்னார். பெண்கள் பழக்கதோசத்தில் எழுந்து போனார்கள். அக்காவும் நானும் இன்னும் இரண்டொருவரும் எழவில்லை.

"தங்கச்சி, நீங்களும் போங்கோ. அங்க ஆள் காணாது" என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

"ஏலாது அண்ணை. நான் அக்காவைத் தலைவரா முன்மொழியிறன்."

பக்கத்தில் இருந்தவர் வழிமொழிந்தார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அப்ப தேத்தண்ணியை ஆர் போடுறது என்று ஒருவர் கேட்டார். யானை வந்தால் பொம்பிளைத் தலைவரோ துரத்துறது என்றார் இன்னொருவர்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இவளின்ர பிள்ளை யானைக்கு முன்னால நிண்ட அண்டைக்கு, உங்களில ஆர் வந்து துரத்தினது?"

அவர்களுக்குள் இருந்த என் கணவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கூச்சம் போன இடம் தெரியவில்லை. நேரே மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குசினிக்குப் போய், அடுப்பில் கொதித்த கேத்திலை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் வாங்கோ என்று கூப்பிட்டேன். தெரிவு தொடங்கும்போது மண்டபத்தில் இல்லாதவர்கள் கை உயர்த்தக் கூடாது என்று தலைவர் மறித்தார். அவர்களும் அங்கத்தவர்கள்தான் என்று கூட்டத்துக்கு வந்திருந்த கிராம உத்தியோகத்தர் சொன்னதால் அடங்கினார். சிலர் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார்கள். சிலர் தூக்கவே இல்லை. அக்கா மட்டுமட்டாக வென்றார்.

உடனே பழைய தலைவர், "சரி தலைவி, இனியாவது தேத்தண்ணி வருமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பெண்கள் உட்பட. எனக்கு அதுதான் ஆகவும் எரிந்தது.

விளக்குகளுக்காக அக்கா இன்னும் அலைகிறார். ஆனால் கையெழுத்துக்காக எவர் வாசலிலும் நிற்பதில்லை. பெண்கள் தலைமைக்கு முன்வருகிறார்கள் இல்லை என்று இப்போதும் யாராவது கவலைப்பட்டால், வந்து இருந்தவர்களை எழுப்பிக் குசினிக்கு அனுப்பியது ஆர் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன்.